டீசல் கணக்கில் ஒரு வருடம்

டேங்க் ரெஜிமென்ட்டில் இருந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நீங்க டேங்க் ஓட்டினீங்களா?" ஓட்டினேன். ஆறு வருடம் டி-72 ஓட்டினேன். அதைப் பற்றி விடிய விடியப் பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனால் பதினேழு வருடச் சர்வீஸில் எந்த வருடம் மனசுக்கு நெருக்கம் என்று கேட்டால், டேங்க்கை விட்டு இறங்கிய பிறகு வந்த ஒரு வருடத்தைத்தான் சொல்வேன். 2011 ஏப்ரலிலிருந்து 2012 மார்ச் வரை, ராஜஸ்தானில், ஹெட்குவார்ட்டர் ஸ்க்வாட்ரனில் டீசல் கணக்குப் பார்த்த வருடம். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு டேங்க் ரெஜிமென்ட்டில் 45 டேங்க். சண்டைக்குப் போகும் ஸ்க்வாட்ரன்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் 14. மிச்சம் மூன்று ரெஜிமென்ட் தலைமைக்கு. சண்டை ஸ்க்வாட்ரன்களை 'சேபர்' என்பார்கள். குதிரைப்படைக் காலத்து வாள் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதவிப் பெயர்களும் அந்தக் காலத்தவைதான்: சவார், டபேதார், ரிசால்தார். நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸில் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக நிற்கிறாரே டபேதார், அவர் பதவிப் பெயரும் இந்தச் சொல்தான்.

நான்காவதுதான் எங்கள் ஸ்க்வாட்ரன். ஹெச்.கியூ. என்று சுருக்கமாகச் சொல்வோம். லாரி டிரைவர், வயர்லெஸ்காரர், கிளார்க், ஸ்டோர்மேன், சமையல்காரர், முடிதிருத்துபவர், துணி வெளுப்பவர், தையல்காரர், கோவில் பூசை பார்க்கும் பண்டிட், மருந்து கொடுக்கும் நர்சிங் அசிஸ்டென்ட் எல்லோரும் இதில்தான். ரிப்பேர் பார்க்கும் இ.எம்.இ. ஆட்களும் எங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். குடியரசு தின அணிவகுப்பில் டேங்க் போவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காலையில் டீ போட்டவனையும் டீசல் ஊற்றியவனையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு வலது காது போய்க்கொண்டிருந்தது. வருடாந்திர மெடிக்கலில் அது தெரிந்ததும் உடல்தகுதிக் கேட்டகரியை இறக்கினார்கள். டேங்க் கிடையாது, இனி ஹெச்.கியூ. என்று உத்தரவு. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை என் டேங்க்கின் சாவியையும் டூல் கிட்டையும் வேறொரு பையனிடம் எண்ணிக் கொடுத்தபோது கை நடுங்கியது. அவன் அதைக் கவனித்துவிட்டு, "அண்ணே, நான் பத்திரமா பாத்துக்கறேன்ணே" என்றான்.

ஏப்ரல் 1. ராணுவத்தில் கணக்கு வருடம் அன்றுதான் பிறக்கும். எனக்கு முன்னால் டீசல் பொறுப்பில் இருந்தவர் ஒரு சீனியர் டபேதார். மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார். லெட்ஜரைக் கொடுப்பதற்கு முன்னால் டிப் ராடைக் கொடுத்தார். டீசல் தொட்டிக்குள் விட்டு ஆழம் பார்க்கும் பித்தளைக் கம்பி அது. சென்டிமீட்டர் கோடுகள் பாதி தேய்ந்திருந்தன.

"எப்ப அளப்பே?" என்றார்.

"எப்ப வேணாலும் அளக்கலாமே சாப்."

"கூடாது. விடியறதுக்கு முன்னாடி அள."

காரணத்தை அவர் சொன்ன பிறகுதான் நான் எங்கே வந்திருக்கிறேன் என்று புரிந்தது. வெயிலில் டீசல் விரியும். வெயிலில் நிற்கும் பவுசரில், அதாவது டீசல் டேங்கர் லாரியில், 10,000 லிட்டர் இருந்து, சூடு 20 டிகிரி ஏறினால், அளவு 160 லிட்டருக்கு மேல் கூடிக் காட்டும். மத்தியானம் அளந்து வாங்கி, விடியற்காலை அளந்து கொடுத்தால் அந்த 160 லிட்டர் காற்றில் போய்விடும். திருட்டு இல்லை, ஒழுகல் இல்லை. ஆனாலும் லெட்ஜரில் இடிக்கும், விசாரணை வரும். "இந்தப் பாலைவனத்துல கணக்கு தப்பாம இருக்கணும்னா சூரியனுக்கு முன்னாடி எழுந்திருக்கணும்" என்றார். அந்த வருடம் முழுக்க நாலரைக்கு எழுந்தேன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். கம்பியின் அடி நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்க வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும், பசை நிறம் மாறும். அப்படி மாறினால் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுகூட டேங்க்குக்குப் போகக் கூடாது. டிரைவராக இருந்த ஆறு வருடத்தில் எனக்கு வந்த டீசலைப் பற்றி ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. யாரோ ஒருவர் விடியுமுன் எழுந்து அதைச் சோதித்திருக்கிறார்.

மே 1 எங்களுக்கு ஆர்மர் டே, டேங்க் படைகளின் நாள். 1938-ல் அதே நாளில் ராவல்பிண்டியில் சிந்த் ஹார்ஸ் ரெஜிமென்ட் கடைசி முறையாகக் குதிரையேறி அணிவகுத்துவிட்டு, குதிரைகளை விட்டு இயந்திரத்துக்கு மாறியது. இந்த நாளில் எனக்கு எப்போதும் சவாரிக்காரர்களைவிட லாயக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கொள்ளு அளந்தவன், லாடம் அடித்தவன், புல் கட்டு சுமந்தவன். ஒரு நாள் காலையில் லாயம் காலியாகிவிட்டால் அவன் என்ன செய்திருப்பான்? பீப்பாயும் பம்பும் பழகியிருப்பான். எங்கள் ஸ்க்வாட்ரன் அவர்கள் வழி வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

கோடையில் டேங்க்குகள் அதிகம் ஓடாது. மணல் காற்று அடிக்கும். அங்கே அதை ஆந்தி என்பார்கள். வானம் செம்மண் நிறமாகிப் பத்தடி தள்ளி நிற்பவன் தெரிய மாட்டான். அது ஓய்ந்ததும் ஏர் ஃபில்டர்களைக் கழற்றி டீசலில் அலச வேண்டும். அதற்கும் கணக்கு எழுத வேண்டும். இந்த மாதங்களில்தான் லீவு ஓடும். ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் எல்லோரும் ஒரே மாதம் போக முடியாது. யார் எப்போது போவது என்று பட்டியல் போடுவது ஹெச்.கியூ. கிளார்க்குகளின் வேலை. தங்கை கல்யாணம், குலதெய்வம் கும்பிடு, மனைவியின் பிரசவம் என்று ஒவ்வொருவனுடைய வீடும் அந்த நோட்டில் ஒரு வரியாக இருக்கும்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினோரு மணி இருக்கும். ஒரு பையனுக்கு வீட்டிலிருந்து போன். அப்பா இறந்துவிட்டார். பையன் சேபர் ஸ்க்வாட்ரனில் கன்னர், டேங்க் பீரங்கியைச் சுடுபவன். இருபத்தொரு வயது. போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒன்றரை மணிக்குள் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

ஹெட் கிளார்க் பனியனோடு ஓடிவந்து ஆபீஸைத் திறந்தார். ஒருவர் லீவு சர்டிபிகேட் எழுத, இன்னொருவர் ரயில் டிக்கெட்டுக்கான வாரண்ட் எழுதினார். ரெஜிமென்ட் நிர்வாகம் பார்க்கும் அதிகாரியான அட்ஜுடன்ட் தன் வீட்டு வாசலில் டார்ச் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டார். லங்கரில், அதாவது சமையல் கூடத்தில், அடுப்பு அணைந்துவிட்டது. சமையல்காரர் மறுபடியும் பற்றவைத்து, எட்டுப் பூரியும் உருளைக்கிழங்கும் செய்து பொட்டலம் கட்டினார். எங்கள் ஸ்க்வாட்ரன் டபேதார் மேஜர் அங்கிருந்தவர்களிடம் கையேந்தி வசூலித்த பணத்தை ஒரு உறையில் போட்டு அவன் பாக்கெட்டில் வைத்துப் பொத்தானை மாட்டிவிட்டார். நான் ஜீப்புக்கு டீசல் போட்டேன். ராத்திரியில் டீசல் கொடுக்கத் தனி அனுமதி வேண்டும். அனுமதிக் காகிதம் எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. எல்லாம் முடிய நாற்பது நிமிஷம் ஆனது. அத்தனை பேர் ஓடியும் யாரும் குரலை உயர்த்தவில்லை.

ஜீப் கிளம்பும்போது பண்டிட் வந்து அவன் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். அதன் பிறகுதான் அவன் அழுதான். அந்த நாற்பது நிமிஷம் போதும், என் ஸ்க்வாட்ரனைப் பற்றி நான் பெருமைப்பட.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பரீட்சைகளும் சோதனைகளும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ரேஞ்சில் துப்பாக்கிச் சூடு, பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சி. பிறகு டெக்னிகல் இன்ஸ்பெக்‌ஷன். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒருவர் படுத்துப் பார்ப்பார். எழுத வேறொன்றும் இல்லை. எல்லா யூனிட்டிலும் நடப்பதுதான்.

அக்டோபரில் ஆயுத பூஜை. எங்கள் ரெஜிமென்ட்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் கலந்திருந்தார்கள். நாலு ஊர் வழக்கமும் ஒன்றாகச் சேரும் நாள் அது. டேங்க்குகளுக்கு மாலை, பொட்டு, திருஷ்டிப் பூசணி. டேங்க் டிரைவராக இருந்தபோது என் பூஜை அதோடு முடிந்துவிடும். இந்த முறைதான் மற்றதையெல்லாம் பார்த்தேன். சமையல்காரர் பெரிய அண்டாவுக்கும் கரண்டிக்கும் சந்தனம் வைத்தார். கிளார்க்குகள் கம்ப்யூட்டருக்கும், ஓரமாகக் கிடந்த பழைய டைப்ரைட்டருக்கும் வைத்தார்கள். முடிதிருத்துபவர் கத்தரியையும் கத்தியையும் சிவப்புத் துணியில் பரப்பி வைத்திருந்தார். நான் கைப் பம்பையும், பீப்பாய் திறக்கும் சாவியையும், டிப் ராடையும் துடைத்து அடுக்கினேன். கமாண்டிங் ஆபீசர் ஒவ்வொரு இடத்துக்கும் வந்து கும்பிட்டார். என் டிப் ராடு முன்னால் நின்றபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதை நான் மறக்கவில்லை.

குளிர்காலம் வந்தால் வெளியே போக வேண்டும். பிகானேர் பக்கம் மகாஜன் ரேஞ்ச், ராணுவப் பயிற்சிக் களம். டேங்க்குகளை ரயிலில் ஏற்றி, சங்கிலி போட்டு, கட்டை அடித்துக் கொண்டுபோவதே தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். வெளிக்களத்தில் ரெஜிமென்ட் மூன்றாகப் பிரியும். முன்னால் டேங்க்குகள். அவற்றுக்குப் பின்னால் சில கிலோமீட்டர் தள்ளி டீசலும் குண்டும் ஏற்றிய லாரிகள், இது ஏ எஷலான். இன்னும் பின்னால் சமையலும் ஸ்டோரும், இது பி எஷலான். பகலில் டேங்க் ஓடும். ராத்திரி நாங்கள் ஓடுவோம்.

ஒரு டி-72 ஏறக்குறைய 1,200 லிட்டர் டீசல் பிடிக்கும். 45 டேங்க்குக்கு 54,000 லிட்டர். 200 லிட்டர் பீப்பாயில் கணக்குப் பார்த்தால் 270 பீப்பாய். மணல் மேட்டில் ஏறி இறங்கினால் இது எப்படிக் கரையும் என்று எனக்கு டிரைவராகவும் தெரியும். ஆனால் காலியான டேங்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த 270 பீப்பாயையும் மனிதர்கள்தான் உருட்டுகிறார்கள். டீசல் நிறைந்த பீப்பாய் 180 கிலோவுக்கு மேல்.

ராத்திரியில் லாரிக்கு ஹெட்லைட் கிடையாது. முன்னால் போகும் லாரியின் பின் அச்சுக்கு நடுவில் இருக்கும் உருண்டைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருப்போம். அதன்மேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு. வானத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பின்னால் வருபவனுக்கு நிலாத் துண்டு மாதிரி அது மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். முதல் லாரியில் இருப்பவனுக்கு அந்த நிலாவும் கிடையாது.

ஜனவரியில் ஒரு ராத்திரி முதல் லாரியில் நான் இருந்தேன். மூன்று லாரி, 72 பீப்பாய். ஒரு ஸ்க்வாட்ரனின் 14 டேங்க்குக்கு ரெண்டு மணிக்குள் டீசல் சேர்க்க வேண்டும். ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்புவார்கள். பகலில் நானே வழி பார்த்து வைத்திருந்தேன். ஒரு முட்புதர், அதற்கு இடது பக்கம் ஒரு மேடு. மாலையில் அடித்த காற்றில் சக்கரத் தடங்கள் மூடிவிட்டன. முட்புதரும் வந்தது, மேடும் வந்தது. இடது பக்கம் திரும்பினேன். அது வேறு முட்புதர்.

இருபது நிமிஷம் கழித்துத்தான் தப்பான வழி என்று தெரிந்தது. திருப்பும்போது என் லாரி அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. மற்ற இரண்டு லாரியையும் கெட்டித் தரையில் நிறுத்தி, ஒரு லான்ஸ் டபேதாரை வழிகாட்டியாக ஏற்றித் திருப்பி அனுப்பினேன். நாங்கள் ஐந்து பேர் 24 பீப்பாயையும் பலகை வைத்து இறக்கினோம். மணலைத் தோண்டி, சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தட்டுகளைக் கொடுத்து, லாரியை வெளியே எடுத்தோம். மறுபடி 24 பீப்பாயையும் பலகைமேல் உருட்டி ஏற்றினோம். தண்ணீர் உறையும் குளிரில் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

இரண்டு லாரிகள் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தன. நான் சேர்ந்தபோது நாலரை. இறங்கியவுடன் பம்பைப் பிடித்தேன். தொட்டி நிறைய நிறைய டீசல் விழும் ஒலி மாறும், மற்றவர்கள் அதைக் கேட்டே நிறுத்துவார்கள். டேங்க்குகள் உறுமிக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்கு அது கேட்காது. தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். டீசல் ஏறும் உயரம் வரை இரும்பு அதிரும் விதம் வேறாக இருக்கும். அன்று இடது கையால் தொட்டியைத் தொட்டுக்கொண்டு வலது கையால் பம்ப் அடித்தேன். ஐந்து மணிக்கு உத்தரவு வந்தது. 11 டேங்க் கிளம்பியது. ஒரு ட்ரூப்பின் மூன்று டேங்க்குக்கு டீசல் ஏறவில்லை. பயிற்சியை மேற்பார்க்கும் அம்பயர் வந்து பார்த்துவிட்டு, மூன்றையும் ஆட்டத்துக்கு வெளியே என்று எழுதிக்கொண்டார்.

அது பயிற்சி. யாரும் சாகவில்லை. ஆனால் 1944 டிசம்பரில் பெல்ஜியத்தில் பைப்பர் என்ற ஜெர்மன் அதிகாரியின் டேங்க் படை, பெட்ரோல் வராமல் லா க்ளேஸ் கிராமத்தில் சிக்கிக்கொண்டது. மிஞ்சிய சுமார் 800 பேர் டேங்க்குகளை அங்கேயே விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நடந்தே தப்பினார்கள். 1971 டிசம்பரில் எங்கள் ராஜஸ்தானில், லோங்கேவாலாவில், எதிரி டேங்க்குகள் மணலில் புதைந்து நின்று விடிந்ததும் நம் விமானங்களுக்கு இலக்காயின. மணலும் எரிபொருளும் யாருக்கும் சலுகை தருவதில்லை. கிளாஸில் படித்தபோது இவையெல்லாம் பரீட்சைக் கேள்வி. அன்று விடிகாலையில் அந்த மூன்று டேங்க்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இரண்டும் ஞாபகம் வந்தன.

நின்றுபோன டேங்க்குகளில் ஒன்று என் பழைய டேங்க். அதன் டிரைவர், சாவி வாங்கிய அதே பையன், டேங்க்கின் மேல் திறப்பிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தான். இறங்கி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவன் என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பீப்பாய் விளிம்பு கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். "உள்ள டீ இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய் ஃப்ளாஸ்க்கை எடுத்து வந்தான். ஸ்க்வாட்ரன் கமாண்டர் அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு வழியில் எத்தனை அடையாளம் வைப்பாய்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ராத்திரியிலிருந்து கால் கிலோமீட்டருக்கு ஒரு கம்பு நட்டோம். அதன் நுனியில் வெள்ளைத் துணி. ஒவ்வொரு கம்பையும் நானே நட்டேன். அதன் பிறகு ஒரு டேங்க்கும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

அந்த வருடம் பொங்கலும் ராணுவ தினமும் ஒரே நாளில் வந்தன, ஜனவரி 15. லீவு கிடையாது. ரேஞ்சின் நடுவில், மண்ணில் பள்ளம் தோண்டி அடுப்பு வைத்து, சமையல்காரர் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். பானை பொங்கியபோது நாலு மொழியிலும் கூச்சல். அதை முன்வரிசை டேங்க்குகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் டீசல் லாரிதான். பொங்கலில் லேசாக டீசல் வாசம் அடித்தது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் ஒருவனும் மிச்சம் வைக்கவில்லை.

மார்ச். திரும்பி வந்து வண்டிகளைக் கழுவி, ஸ்டாக் டேக்கிங் போர்டுக்கு முன்னால் நின்றோம். போர்டு என்றால் வெளியிலிருந்து வரும் அதிகாரிகள், ஸ்டோரில் இருப்பதையும் லெட்ஜரில் இருப்பதையும் ஒன்றுக்கு ஒன்று எண்ணிப் பார்ப்பார்கள். மண்வெட்டி, கோணிப்பை, பீப்பாய் மூடி வரை. என் பக்கம் ஜெர்ரிகேன் இரண்டு குறைந்தது. அந்த ஜனவரி ராத்திரியில் மணலில் விட்டிருப்போம். சம்பளத்திலிருந்து கட்டினேன். டீசல் மட்டும் லிட்டருக்கு லிட்டர் சரியாக வந்தது.

மார்ச் 31 ராத்திரி லெட்ஜரின் கடைசிப் பக்கத்தை மூடினேன். எனக்கு வேறு இடத்துக்கு போஸ்டிங் வந்திருந்தது. பொறுப்பு எடுக்க வந்தவன் கன்னடக்காரப் பையன். அவனும் ஆபீஸ் கதவைப் பார்த்தபடி, டேங்க் ஷெட்டிலிருந்து வரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முழங்கால் கோளாறு.

நான் லெட்ஜரைக் கொடுக்கவில்லை. டிப் ராடைக் கொடுத்தேன்.

"எப்ப அளப்பே?" என்று கேட்டேன்.